வண்டிக்காரர்களின் வக்கீல்

பத்து அடிக்கு ஒரு முறை நின்று இரும்புக் கம்பியை மண்ணுக்குள் செருகுகிறார் கிளெண்டா கிரம்மிட். கம்பி ஓர் ஆள் உயரம். மேல்முனையில் சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறை. செருகியதை உடனே உருவுவதில்லை. உறையின்மேல் இரு கைகளையும் ஊன்றி, தலையைச் சற்றுச் சாய்த்து நிற்கிறார். பிறகு மெல்ல உருவி, நுனியில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, "போலாம்" என்கிறார். அதன் பின்னரே, பின்னால் காத்திருக்கும் முப்பது பேரும் அடுத்த பத்து அடியை எடுத்து வைக்கலாம். அந்த நிலமோ ஆண்டு முழுவதும் டிராக்டர் ஓடுகிற கோதுமை வயல். அதில் எவரும் அமிழப் போவதில்லை. இதை எடுத்துச் சொன்னவர்களுக்கு அவர் தரும் மறுமொழி ஒன்றே: "டிராக்டர் போற எடத்துல லாரியும் போகும்னு நெனச்சவங்கதான் வாய்க்கால்ல கெடக்கறாங்க, கண்ணு."

அறுபத்தொன்பது வயது. குட்டையான, அகன்ற உடல். கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதாகத் தெரியாது. முப்பத்தெட்டு ஆண்டுகள் வீட்டுச் சாமான் ஏற்றும் லாரி ஓட்டியவர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் வாசலின் அகலத்தைத்தான் பார்ப்பார். என் வீட்டுக்கு முதன்முதலில் வந்தபோது வணக்கம் சொல்வதற்கு முன் என் புத்தக அலமாரியைப் பார்த்து, "ரெண்டு ஆளு, ஒரு திருப்பு" என்றார். சென்ற ஆண்டு எங்கள் மாதாகோவிலில் ஒரு சவ அடக்கத்தின்போது, பெட்டி வாசலில் சற்றுத் தடுமாறவும், துக்கத்தில் அமர்ந்திருந்த எனக்குக் காதோடு, "கால் பக்கம் முன்ன வந்திருக்கணும்" என்றார். தம் சப்பாத்துகளின் கயிற்றைக்கூடத் தார்ப்பாய் கட்டும் முடிச்சாகவே போடுகிறார். பாரம் தூக்கும்போது "பாத்து, பாத்து" என்று சொல்பவர்களை அவருக்குப் பிடிக்காது. "பாக்காமயா தூக்கறேன்? நீங்க போயி டீ போடுங்க" என்று வெளியே அனுப்பிவிடுவார்.

இத்தகையவர், எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தை ஆண்ட ஜான் அரசனின் வீழ்ச்சியைப் பற்றி எங்கள் வட்டாரத்தில் மிகுதியாக அறிந்தவராக இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பூட்டும். எங்களுக்கு அதில் வியப்பில்லை. அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு என்றால் கிராஸ்பேங்க் கிராமத்தில் கிளெண்டாவின் நடைப்பயணம். ஐந்து மைல். முடிந்ததும் ஊர்க்கூடத்தில் எல்லோருக்கும் டின்னில் அடைத்த பீச் பழமும் ஆப்பிள் மதுவும். மனமுடைந்த அரசன் வயிறு முட்டத் தின்று நோயை முற்றவைத்துக்கொண்ட பண்டங்கள் அவைதாம் என்று அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். கிண்ணத்தை நீட்டும்போதே கிளெண்டா எச்சரித்துவிடுவார்: "வயித்துக்கு நான் பொறுப்பில்ல."

1216ஆம் ஆண்டின் அக்டோபர் அது. பிரபுக்கள் கலகம் செய்துகொண்டிருந்தார்கள். பிரெஞ்சு இளவரசன் தெற்கே வந்து இறங்கியிருந்தான். ஜான் அரசனை ஆதரிக்க நாட்டில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. லின் துறைமுகத்து மக்கள் மட்டும் அவனுக்கு விருந்து வைத்தார்கள். தங்கள் ஊருக்குத் தன்னாட்சிப் பட்டயம் வழங்கியவன் என்ற நன்றி அவர்களுக்கு. நாடு வெறுத்த அந்த மன்னனை லின் நகரத்தார் இன்றும் சற்று மரியாதையோடுதான் பேசுவார்கள். விருந்து முடிந்து, நோயுற்ற அரசன் உள்நாட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு போனான். அவனுடைய கிரீடத்தையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்த வண்டிகளோ, கடலோதம் வடிந்த நேரம் பார்த்துக் கழிமுகத்தின் குறுக்கே குறுக்குவழியில் இறங்கின. சேறு அவற்றை விழுங்கியது. ஒரு வாரத்தில் அரசனும் நியூவார்க் கோட்டையில் இறந்தான். அந்தக் கழிமுகம் இன்று இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கரை கட்டிக் கடலை வடக்கே தள்ளிவிட்டார்கள். வண்டிகள் புதைந்த இடத்தின்மேல் இப்போது கோதுமையும் உருளைக்கிழங்கும் பீட் கிழங்கும் விளைகின்றன.

இந்தக் கதையை மற்றவர்கள் சொன்னால் கிரீடத்தில் தொடங்குவார்கள். கிளெண்டா சக்கரத்தில் தொடங்குவார். பழைய கடற்கரையின் மேட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, "இப்ப நீங்கதான் வண்டிங்க" என்பார். "முன்வண்டி சேத்துல நின்னுபோச்சு. பின்னால முப்பது வண்டி. திரும்ப எடமில்ல. மாட்டுக்குப் பின்பக்கமா நடக்கத் தெரியாது. ராசா என்ன ஆனாருன்னு எல்லாரும் கேக்கறீங்க. வண்டி ஓட்டினவன் என்ன ஆனான்னு யாராச்சும் கேட்டீங்களா?" அரசன் கொடியவன், கருமி, சொன்ன சொல் காக்காதவன் என்று யாரேனும் அடுக்கினால், "இருக்கட்டும். ஆனா வண்டிய ஓட்டினது அவரு இல்லியே" என்று முடித்துவிடுவார்.

இக்கேள்வி பிறந்த நாளை நான் அறிவேன். முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில், அப்போது முப்பத்தெட்டு வயதான கிளெண்டா, நான் வரலாறு கற்பித்த பள்ளியின் வகுப்பறை வாசலில் ஈரமான சப்பாத்துகளோடு வந்து நின்றார். "ராசாவோட வண்டி முங்கிச்சே, அத ஓட்டினவங்க பேரு என்ன, வாத்தியாரே?" என்று கேட்டார். பதினான்கு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன். அரசனின் ஆணைகளையும் பிரபுக்களின் பெயர்களையும் தேதி வாரியாகச் சொல்லக்கூடியவன். வண்டிக்காரர்களுக்குப் பெயர் உண்டு என்பதே எனக்குத் தோன்றியதில்லை. அந்தக் கேள்விக்கு நான் பட்ட கடன் பெரிது. அதற்குப் பிறகு நான் நடத்திய எந்தப் பாடமும் பழையபடி இல்லை.

அவர் அவ்வாறு வந்து கேட்டதற்கு முந்திய வாரம் நடந்ததை ஊரே அறியும். பண்ணை மேஸ்திரி ஒருவர் அந்தக் கோடையில் இறந்துபோனார். அவருடைய மனைவி தெல்மா ஆப்லெட் பண்ணை வீட்டைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. அவருடைய வீட்டுச் சாமான் முழுவதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கிளெண்டாவின் லாரி, மூடுபனியில் வழி தவறி வயலில் இறங்கி, பெரிய வடிகால் வாய்க்காலுக்குள் சரிந்தது. கதவு திறந்துகொண்டது. வாய்க்கால் நீரைக் கடலுக்கு இறைக்கும் நீரேற்று நிலையம் ஓடிக்கொண்டிருந்த நேரம். மெத்தை, நாற்காலிகள், பெட்டிகள் எல்லாம் கடலை நோக்கி மிதந்து போயின. அவற்றுள் ஒரு பெட்டியில் மேஸ்திரி இருபத்தேழு ஆண்டுகள் நாள் தவறாமல் எழுதிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. முன்னே காரில் போயிருந்த தெல்மா செய்தி அறிந்து திரும்பி வந்தார். வந்தவர் ஒரு வார்த்தையும் கடிந்து பேசாமல், தாம் அணிந்திருந்த கோட்டைக் கழற்றி, நனைந்து கரையில் உட்கார்ந்திருந்த கிளெண்டாவுக்குப் போர்த்தினார். அவரிடம் மிச்சமிருந்த ஒரே கோட்டு அது. இன்றும் அது கிளெண்டாவின் சமையலறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. அவருக்கு இரண்டு அளவு சிறியது. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒரு நாள்கூட அணிந்ததும் இல்லை.

கிளெண்டாவின் நடைப்பயணத்தில் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. வண்டிகள் புதைந்ததாக அவர் காட்டும் இடத்தில் நின்று, "பனி எறங்கிருச்சு. கைய நீட்டினா கை தெரியல. வண்டிக்காரன் என்ன பண்ணுவான்?" என்பார். துறவிகளின் குறிப்புகளை வரி விடாமல் படித்தவன் நான். அவற்றில் சேறு உண்டு, அவசரம் உண்டு, முழுவதும் வடியாத ஓதம் உண்டு; மூடுபனி இல்லை. ஆண்டுதோறும் இதைச் சுட்டிக்காட்டுவேன்.

"நீங்க அங்க இருந்தீங்களா, வாத்தியாரே?"

"இல்ல."

"அப்பச் சும்மா வாங்க."

இந்த ஆண்டு நடைப்பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, பெயர்ப் பட்டியலைப் பார்க்க வந்தார். பட்டியல் என் பொறுப்பு. குடும்பப் பெயர்களின் அகர வரிசையில் எழுதி வைத்திருந்தேன். முதல் பெயரிலேயே அவருடைய விரல் நின்றுவிட்டது.

"தெல்மா ஆப்லெட். இத யாரு எழுதினது?"

"அவங்களே போன்ல சொன்னாங்க. ஸ்பால்டிங்ல மக வீட்டுல இருக்காங்களாம்."

"எம்பத்துநாலு வயசுல அஞ்சு மைல் எதுக்கு?"

"அத நான் கேக்கல."

கிளெண்டா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னிக்குப் பனி இல்ல, வாத்தியாரே."

"அதத்தான நானும் வருஷா வருஷம் சொல்றேன். எந்தக் குறிப்புலயும்…"

"ராசா கதைய விடுங்க. நான் சொல்றது என் லாரி."

பிறகு சொன்னார். அன்று வானம் கழுவிய தட்டுப்போல் இருந்ததாம். பண்ணைப் பாதையின் நடுவே பீட் கிழங்கு ஏற்றிய வண்டி ஒன்று அச்சு முறிந்து நின்றது. அகற்ற ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவருக்கோ இரண்டு மணிக்கு இன்னொரு வீடு ஏற்ற வேண்டியிருந்தது. பக்கத்து வயலைப் பார்த்தார். அறுவடை முடிந்த நிலத்தின் ஊடே வெளிறிய மண் ஒரு பட்டையாக நேரே ஓடியது. கிளெண்டா பிறந்து வளர்ந்தது தெற்கேயுள்ள கரிசல் சதுப்பில். அங்கே கறுத்த மண்ணுக்கு இடையில் வெளிறிய பட்டை என்றால், என்றோ செத்துப்போன ஆற்றின் படுகை, எலும்புபோல் கெட்டி. அதன்மேல்தான் வீடு கட்டுவார்கள், அதன்மேல்தான் வண்டி ஓட்டுவார்கள். "வெளுத்த மண்ணப் பாத்தா எங்க ஊரு ஆளுக்குக் கால் தானா அங்க போகும்" என்றார். கடலிடமிருந்து மீட்ட எங்கள் பக்கத்து நிலத்தில் கதை நேர்மாறு. இங்கே வெளிறிய பட்டை என்பது கடல் கடைசியாக விட்டுப்போன ஓடை. மேலே காய்ந்த தோல், கீழே கூழ். நடு வயலில் தோல் கிழிந்தது. சக்கரத்தை உருவ முயன்று முயன்று, லாரியை வாய்க்கால் விளிம்புக்கே கொண்டுபோய்விட்டார். அவருடைய மேலாளர் விபத்து அறிக்கையில் மூடுபனி என்று எழுதினார், கிளெண்டா கையெழுத்திட்டார்.

"சொல்லிட்டா, அந்தம்மா அன்னிக்குப் போத்தின கோட்டுக்கு என்ன அர்த்தம்? சொல்லலேன்னா, அவங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே மறுபடியும் பனின்னு சொல்லணும். ரெண்டுல ஒண்ணு ஞாயித்துக்கெழம நடந்தே ஆகணும்."

அந்த இடத்தில் நிற்காமல் கடந்துவிடலாமே என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ராசா வண்டி முங்கின எடத்த விட்டுட்டு, பீச் பழம் திங்கவா ஜனங்க வர்றாங்க?"

ஞாயிறன்று தெல்மா ஆப்லெட்டை அவருடைய மகள் மாதாகோவில் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். மெலிந்த உருவம், ஊன்றுகோல், கூர்மையான கண்கள். கிளெண்டா அருகில் வந்து, "வாங்க ஆப்லெட்டம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, கம்பியை எடுத்துக்கொண்டு வரிசையின் முன்னுக்குப் போய்விட்டார். உருளைக்கிழங்கு விவசாயி கீத் ஸ்னீத் வழக்கம்போல் வம்புக்கு இழுத்தார்.

"அக்கா, இந்த வருஷமாச்சும் கிரீடம் கெடைக்குமா?"

"கெடைச்சா உனக்கு ஆவாது. உன் மண்டைக்கு வண்டிச் சக்கரம்தான் சரிப்படும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அன்று கம்பி பத்து அடிக்கு ஒரு முறை இறங்கவில்லை. ஐந்து அடிக்கு ஒரு முறை இறங்கியது. "இன்னிக்கு என்ன, அரைச் சம்பளமா?" என்று கீத் முணுமுணுத்தார்.

நான் தெல்மாவோடு கடைசியாக நடந்தேன். அவர் மூச்சு வாங்கியபடி இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இந்த வயலு எங்க வீட்டுக்காரரு உழுதது. அந்தா, அந்த மூலையில டிராக்டரத் திருப்பறப்ப மட்டும் பாட்டு பாடுவாரு. ஏன் அங்க மட்டும்னு கேட்டா, மத்த எடத்துல வேல இருக்கும்பாரு." சற்று நின்றார். "இப்ப இது வேற ஆளுங்க நெலம். கேட்டுக்கு வெளியில நின்னுதான் பாக்க முடியும். வருஷத்துல இந்த ஒரு நாளுதான் உள்ள விடறாங்களாம். கிளெண்டா கேட்டு வாங்கின நாளு. மக சொன்னப்பத்தான் தெரிஞ்சுது. கால் இருக்கறப்பவே வந்துரலாம்னு வந்தேன். அவளுக்குத்தான் நன்றி சொல்லணும்."

நான் தலையசைத்தேன். ஆங்காங்கே நின்று நின்று, மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் பிந்தி அந்த இடத்தை அடைந்தோம். கிளெண்டா எங்களுக்காகவே காத்திருந்தார். பெரிய வாய்க்கால் பக்கத்தில் சலனமின்றிக் கிடந்தது. கம்பியைப் புல்லில் கிடத்திவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"இங்க நின்னு நான் வழக்கமா பனி எறங்கிச்சுன்னு சொல்லுவேன். வருஷா வருஷம் வர்றவங்களுக்குத் தெரியும்." "பனி எறங்கல. எழுதி வச்ச சாமியாருங்க ஒருத்தரும் பனின்னு எழுதல. வாத்தியார் சொல்லிக்கிட்டேதான் இருந்தாரு. அந்தப் பனியக் கொண்டாந்து இங்க விட்டது நான்."

கூட்டத்தைத் தாண்டித் தெல்மாவைப் பார்த்தார்.

"உங்க சாமான் போன அன்னிக்கும் பனி இல்ல, ஆப்லெட்டம்மா. பாதை அடைச்சிருந்துச்சு. ஒரு மணி நேரம் நின்னிருந்தாப் போதும். நான் நிக்கல. வெளுத்த மண்ணப் பாத்தேன், திருப்பினேன். உங்க வீட்டுக்காரர் நோட்டையெல்லாம் தண்ணியில போட்டது நான்தான். பனின்னு கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

கீத் தம் தொப்பியைக் கழற்றி, எதற்குக் கழற்றினோம் என்று தெரியாமல் மீண்டும் அணிந்துகொண்டார்.

"தெரியும்" என்றார் தெல்மா.

கிளெண்டா இரண்டடி முன்னே வந்தார்.

"அன்னிக்குக் காலையில அந்த வீட்டுல கடைசியாத் துணி தோய்ச்சுக் கொடியில போட்டேன். சாமான் ஏத்தி முடிக்கறதுக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிருச்சு. மூடுபனியில எந்த ஊருல துணி காயும்?"

வரிசையில் யாரோ ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"தெரிஞ்சேவா கோட்டப் போத்தினீங்க?"

"நீ நடுங்கிட்டு இருந்த. நடுங்கறவகிட்டயா வானிலை கேப்பாங்க?" தெல்மா ஊன்றுகோலைக் கை மாற்றிக்கொண்டார். "அந்த நோட்டுக்கு அழுதேன். இல்லேன்னு சொல்லமாட்டேன். ஒரு வருஷம் உன்மேல கோவமாவும் இருந்தேன். என்னென்னவோ பேச்சு எடுத்து வச்சிருந்தேன், உன்னப் பாத்தாப் பேசறதுக்கு. அப்புறம் பேரப்பசங்க வந்துட்டாங்க. எடுத்து வச்ச பேச்செல்லாம் எங்க வச்சேன்னே தெரியல."

"அந்தக் கோட்டு இன்னும் இருக்கு. தொவைச்சு மாட்டியிருக்கேன்."

"அதையா? அது அப்பவே பழசு. நாய்க்குப் போட்டு விடு."

கீத் மெதுவாகக் கேட்டார்: "அப்ப ராசா வண்டி முங்கினதும் வண்டிக்காரங்க தப்புதானா, அக்கா?"

"தப்புதான். அவசரப்பட்டாங்க." கிளெண்டா முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "ஆனா அவங்களும் நடுங்கியிருப்பாங்கடா. போத்தி விட ஆளு இருந்துச்சோ இல்லியோ."

கீத் மற்றவர்களை அழைத்துக்கொண்டு முன்னே நடந்தார். அடுத்து, வாய்க்காலைக் கடக்கும் பலகைப் பாலம். ஒற்றைப் பலகை, ஒரு பக்கம் மட்டும் கைப்பிடிக் கம்பி. ஒவ்வொருவராகக் கடந்து மறுகரையில் நின்று திரும்பிப் பார்த்தார்கள். தெல்மா பலகையின் முனைவரை வந்து, கீழே கறுத்துக் கிடந்த தண்ணீரைப் பார்த்தார். ஊன்றுகோலை என்னிடம் நீட்டினார். பின்பு கிளெண்டாவின் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினார்.

"இந்தச் சாமானையாச்சும் தண்ணியில போடாமக் கொண்டுபோய்ச் சேரு."

கிளெண்டா அவரை மேலும் கீழுமாக ஒரு முறை அளந்து பார்த்தார். முதுகுக்குக் கீழே ஒரு கை, முழங்காலுக்குக் கீழே ஒரு கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு பலகையில் ஏறினார். அடிமேல் அடி வைத்து, தண்ணீரைப் பாராமல் கடந்தார். மறுகரையில் புல் தொடங்கியது. எல்லோரும் விலகி இடம் விட்டார்கள். "எறக்கி விடு, போதும்" என்றார் தெல்மா. காதில் விழாதவர்போல், அவரை இறக்கிவிடாமல் கிளெண்டா நடந்துகொண்டே இருந்தார்.